பின்பக்கம் பார்க்கக் கூடாது

நாலு பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு தாளை வாங்கிக்கொண்டு, பகடையை உருட்ட ஆரம்பித்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அத்தானுக்காக எழுதி வைத்திருந்த படிவத்தை எடுக்கலாம் என்று மேஸ்திரி தன் கோப்பைத் திறந்தாள். படிவம் அங்கே இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில், மசி கொட்டிப் பாழாகி, குறுக்கே கோடு போட்டுத் தள்ளிய தாள் இருந்தது.

கோப்பை அடி வரைக்கும் புரட்டிப் பார்த்தாள்.

மேஸ்திரி என்பது அந்த மேஜை அவளுக்கு வைத்த பெயர். ஞாயிறு பிற்பகல் ஆனால் அவளுடைய சாப்பாட்டு மேஜையில் கூடி, இல்லாத கடலில் இல்லாத கப்பல் ஒன்றை இரண்டு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கதையை நடத்துகிறவள் அவள். மற்ற நாலு பேருக்கும் கதையில் ஆளுக்கொரு வேஷம். இன்னது செய்யப் போகிறேன் என்று வாயால் சொல்வார்கள். அது நடந்ததா, கவிழ்ந்ததா என்று பகடை சொல்லும். எல்லாரையும் வேலை வாங்கிக்கொண்டு தான் மட்டும் உட்கார்ந்திருக்கிறாள் என்று அக்காவின் வீட்டுக்காரர், அத்தான்தான், முதலில் மேஸ்திரி என்றார். அது அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது.

படிவம் இல்லாமல் அவளுக்கு யோசனை ஓடாது. கண் மருத்துவமனையின் வரவேற்பு மேஜையில் பதினாறு வருஷம் படிவம் நிரப்பிய கை. கதை நடத்துவதற்கும் அவளே கட்டம் கட்டிப் படிவங்கள் செய்தாள். ஊருக்கு ஒன்று, சண்டைக்கு ஒன்று, ஆடுகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒன்று. வேண்டுகிறவர்கள் அச்சடித்துக்கொள்ளட்டும் என்று இணையத்திலும் போட்டு வைத்தாள். முகம் தெரியாத யார் யாரோ எடுத்துப் போய், உங்கள் படிவத்தால் எங்கள் கதை பிழைத்தது என்று எழுதினார்கள். ஆடுகிறவருக்கான படிவத்தின் கடைசி இரண்டு கட்டங்களைத்தான் எல்லாரும் மெச்சினார்கள். ஒன்று, 'இவரிடம் எதைத் தொடக் கூடாது.' அடுத்தது, 'ஏன்.' கதை விளையாட்டுத்தான். ஆனால் ஆடுகிறவரின் நிஜப் புண்ணில் போய் இடித்துவிடக் கூடாது. அதற்காக வைத்த கட்டங்கள் அவை.

அத்தானுடைய படிவத்தில் அந்த இரண்டு கட்டங்களையும் அவள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீல மசியில் நிரப்பியிருந்தாள்.

'கண். குருட்டுச் சோதிடன் வேண்டாம், ஆளை மாற்று. இருட்டுக் குகையும் வேண்டாம்.'

'விழித்திரையில் கோளாறு. இரண்டு கண்ணும். கண்ணாடியால் சரியாகாது. இனி பஸ் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியாயிற்று. அக்காவுக்குத் தெரியாது.'

அத்தான் இருபத்திரண்டு வருஷமாக பஸ் ஓட்டுகிறவர். எழுத்து கொஞ்சம் கலங்குகிறது, அவ்வளவுதான் என்று நினைத்து, டிப்போவில் வருஷப் பரிசோதனை வருவதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை காலையில் அவளுடைய மருத்துவமனைக்குத் தனியாக வந்து காட்டினார். டாக்டர் அறையை விட்டு வெளியே வந்தவர் அவளுடைய மேஜைக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, வெகுநேரம் தன் சட்டைப் பையின் பொத்தானையே திருகிக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்.

"உங்க அக்காகிட்ட நீ சொல்லிடாத. அது என் வாயால வரணும். ஞாயித்துக்கிழம ஆட்டம் முடியட்டும், நானே சொல்றேன்."

அவளும் தலையாட்டினாள். மருத்துவமனையில் தெரிந்துகொண்டதை மருத்துவமனைக் கதவோடு விட்டுவிட வேண்டும் என்பது அவள் வேலையின் முதல் விதி. அதை அக்காவிடம் சொல்லாமல் இருந்துவிட்டாள். தாளிடம் சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை.

இன்றைக்கு அவரே காரை ஓட்டிக்கொண்டு வந்தார். ஜன்னல் வழியாக அவள் பார்த்தாள். வண்டி நத்தையாக ஊர்ந்து வந்து, பின்சக்கரம் நடைபாதைக் கல்லில் ஏறி இறங்கி நின்றது. அக்கா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அவரைக் கதவருகே மடக்கி, இது நியாயமா என்று கேட்டாள். "நாலு தெருதானே," என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். திரும்பிப் போகும்போது அக்காதான் ஓட்டுவாள், அதற்குள் சொல்லிவிடுவேன் என்றார். சொல்லாவிட்டால் நான் சொல்ல வேண்டியிருக்கும் அத்தான் என்று அவளும் சொல்லி வைத்தாள்.

இப்போது தாள் முந்திக்கொண்டுவிடும் போலிருந்தது.

எங்கே போயிருக்கும் என்று யோசிக்கவே தேவையில்லை. ஆடுகிறவர்களுக்குக் கொடுக்கும் தாள்களை அவள் ஒரு பக்கம் பாழான பழைய தாள்களில்தான் அச்சடிப்பாள். நல்ல தாளை வீணாக்க மனசு வராது. வெள்ளிக்கிழமை மசி கொட்டிய படிவத்தை ஓரம் கட்டி, வேறொன்றில் திரும்ப எழுதினாள். எழுதி முடித்துக் கை மாறி, பாழானதைக் கோப்பிலும் நல்லதைப் பழைய தாள் கட்டிலும் வைத்துவிட்டாள். இன்று காலையில் அந்தக் கட்டிலிருந்து ஐந்து தாள் உருவி அச்சு எந்திரத்தில் போட்டாள். ஐந்தும் இப்போது மேஜையில் இருந்தன. அத்தானுக்கு மட்டும் இரண்டு. அவருக்கு எழுத்தைப் பெரிதாகப் போட்டதில் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை.

ஐந்தில் எதன் முதுகில் அந்த நீல எழுத்து இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

ஒரு தைரியம் இருந்தது. பின்பக்கம் பார்க்கக் கூடாது என்று மேஜையில் ஒரு சட்டம். பழைய தாளின் முதுகில் பழைய கதையின் மிச்சம் மீதி இருக்கும், அதைப் பார்த்துவிட்டு யாரும் முன்கூட்டியே உஷாராகிவிடக் கூடாது என்று கணக்கு டீச்சர் போட்ட சட்டம் அது. பார்த்தே தீருவேன் என்கிறவர் தன் பகடை ஒன்றை நடுவில் உள்ள கிண்ணத்தில் போட்டுவிட்டு, அன்றைக்கு முழுக்க அது இல்லாமல் ஆட வேண்டும். இதுவரை யாரும் போட்டதில்லை.

கணக்கு டீச்சர் கதையில் கப்பலின் வரைபடக்காரி. நிஜத்தில் எதிர்வீட்டுக்காரி. ஆட்டத்திலும் விடைத்தாள் திருத்துகிற முகத்தோடுதான் உட்காருவாள். அவளுக்குப் பக்கத்தில் ஒட்டகம்; குழாய் ரிப்பேர்க்காரன். நிலைப்படி ஒவ்வொன்றிலும் தலை இடிக்கிற உயரத்துக்கு அந்தப் பெயர். கதையில் பூட்டு உடைக்கிற திருடன்.

"மேஸ்திரி, கதவத் தட்டி அஞ்சு நிமிஷம் ஆச்சு," என்றான் ஒட்டகம். "உள்ள இருக்கிறவங்க தொறப்பாங்களா, இல்ல நானே ஒடச்சிக்கணுமா?"

உடைத்துக்கொள் என்றாள். அவன் பகடையைக் குலுக்கினான். குலுக்கும்போது புழுக்கமாக இருக்கிறது என்று தன் தாளை எடுத்து விசிறிக்கொண்டான். முதுகுப்பக்கம் அவள் கண்ணுக்கு நேரே ஆடியது. போன வருஷத்துச் சந்தைத் தெருப் படம். நீலம் இல்லை.

மிச்சம் நாலு.

டீச்சருடையது கண்ணாடித்தாள் உறைக்குள் பத்திரமாக இருந்தது. அட்டை வேறு வைத்திருந்தாள். மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டு, உங்கள் பாத்திரத்தின் பலத்தைத் தப்பாக அச்சடித்துவிட்டேன், கொடுங்கள் திருத்தித் தருகிறேன் என்றாள். டீச்சர் கொடுக்கவில்லை. எத்தனை என்று சொன்னால் தானே திருத்திக்கொள்கிறேன் என்று பேனாவைத் திறந்தாள். என் கையால்தான் திருத்த வேண்டும் என்றாள் மேஸ்திரி. டீச்சர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாளை உருவிக் கொடுத்தாள். பதினொன்றைப் பன்னிரண்டாக்குகிற சாக்கில் மேஸ்திரி தாளைப் புரட்டினாள். கப்பல் பெயர்களின் பழைய பட்டியல்.

"உன்னோடதும் குடுக்கா," என்றாள் அடுத்து.

அக்கா நகர நீதிமன்றத்தில் தட்டச்சுக்காரி. எப்பேர்ப்பட்ட கிறுக்கலையும் ஒரே மூச்சில் படித்துவிடுவாள். படிப்பது கொலையா, வாடகைத் தகராறா என்று அவள் முகத்தைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. கதையில் கப்பல் சமையல்காரி. தாளில் எழுதியிருப்பதைத் தாண்டி இரண்டு வருஷத்தில் ஒரு வார்த்தை சொந்தமாகச் சேர்த்துப் பேசியதில்லை. தேநீர் டம்ளரைத் தூக்கி, அடியில் வட்டமாக ஈரம் பட்டிருந்த தாளை ஒன்றும் கேட்காமல் நீட்டினாள். மேஸ்திரி அதை வாங்கினாள். புரட்டினாள். பாதி வரைந்த கலங்கரை விளக்கம். வேறு ஒன்றுமில்லை.

அப்படியானால் மீதி இரண்டும் அத்தானிடம்.

அவளுக்கு உடம்பு லேசாகியது. அவருடைய ரகசியம் அவர் கையிலேயே இருக்கிறது, பார்த்தாலும் அவர்தானே பார்க்கப் போகிறார், என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டுவார், திட்டட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஒட்டகம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். மேஸ்திரி இதுவரை ஆட்டத்தின் நடுவில் தாளைத் திரும்ப வாங்கியதுண்டா என்று கேட்டான். டீச்சர் இல்லை என்றாள். அதுவும் ஒவ்வொன்றையும் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறாளே, அது ஏன் என்றான். டீச்சர் அதையும் தான் கவனித்ததாகச் சொன்னாள்.

"அப்ப பின்பக்கத்துல என்னமோ வச்சிருக்கா," என்றான் ஒட்டகம். "நம்ம நாலு பேர்ல ஒருத்தர்கிட்ட. ரெண்டு பேர்த வாங்கிப் பாத்தாச்சு, என்னோடத விசிறும்போதே பாத்துட்டா. அண்ணே, பொதையல் உங்ககிட்டதான்."

அத்தான் சிரித்தார். அன்றைக்கு வந்ததிலிருந்து அவர் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. கதையில் அவர் சுக்கான் பிடிக்கிறவர். துறைமுகத்துக்குப் போகிற வழியில் புயலிலும் தப்பித்து வந்தவர் என்று பெயர். தன் சிவப்புப் பகடையை எடுத்து எல்லாருக்கும் காட்டி, டங்கென்று கிண்ணத்தில் போட்டார்.

மேஸ்திரி பாதி எழுந்துவிட்டாள். அது பழைய குப்பை அத்தான், கதைக்குச் சம்பந்தமில்லை, பகடையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். சொல்லச் சொல்ல எல்லாருடைய முகத்திலும் ஆசை ஏறியதே தவிர இறங்கவில்லை. பகடை விழுந்தாகிவிட்டது, சட்டம் சட்டம்தான் என்றாள் டீச்சர்.

அத்தான் முதல் தாளைத் திருப்பினார். அச்சுக் கலைந்த வெறும் கட்டங்கள். இரண்டாவதைத் திருப்பினார்.

நீலம்.

அவர் அதைக் கிட்டே கொண்டுவந்தார். தள்ளிப் பிடித்தார். ஜன்னல் பக்கம் சாய்த்தார். மேஸ்திரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதோ இப்போது தெரிந்துவிடும், இப்போது தாளை மடித்துப் பையில் போட்டுக்கொள்வார் என்று காத்திருந்தாள். அவர் புருவம் சுருங்கி, விரிந்து, மறுபடி சுருங்கியது. அவர் கண்ணுக்கு இந்த எழுத்து தெரியாது, அதைத்தான் அந்தப் படிவத்தில் தானே எழுதியிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தபோது காரியம் மிஞ்சிவிட்டது.

"கோழி கிண்டின மாதிரி எழுதி வச்சிருக்கா உன் தங்கச்சி," என்றார் அத்தான், தாளைப் பக்கத்தில் நீட்டியபடி. "இந்தா, நீ படி. சத்தமா படி, எல்லாரும் கேக்கட்டும்."

அக்கா வாங்கிக்கொண்டாள்.

அவள் கண் மேலிருந்து கீழே ஒரே சீராக இறங்கியதை மேஸ்திரி பார்த்தாள். கடைசிக் கட்டத்தில் நின்றது. மறுபடி மேலே போய், இன்னொரு தடவை இறங்கியது. வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. தாளைப் பிடித்திருந்த கட்டை விரலின் நகம் மட்டும் வெளுத்திருந்தது.

"என்ன, கொலையா கொள்ளையா?" என்றான் ஒட்டகம்.

அக்கா வாயைத் திறந்தாள். மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டாள்.

"தீவுக்கு வடக்க பாற இருக்கு," என்று கேட்டது அக்காவின் குரல், சாட்சி வாக்குமூலம் படிக்கிற அதே குரல். "விளக்குக் கோபுரம் எரியல. அந்தப் பக்கம் போற கப்பல் எதுவா இருந்தாலும், வழியில என்ன இருக்குன்னு மொதல்ல கூட வர்றவங்களுக்குச் சொல்லிட்டுத்தான் போகணும்."

இவ்வளவுதானா, முழுவதும் படித்தாயா என்று டீச்சர் கேட்டாள்.

"முழுசும் படிச்சேன்," என்றாள் அக்கா, மேஸ்திரியைப் பார்த்து.

தாளை இரண்டாக மடித்துத் தன் தாளுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். டீச்சர் வரைபடத்தில் பாறையைக் குறித்தாள். இவ்வளவு நல்ல சேதியையா குப்பை என்றாய் என்று ஒட்டகம் மேஸ்திரியைக் கேலி செய்தான். அத்தான் தன் சிவப்புப் பகடை வீண்போகவில்லை என்று பெருமையாகத் தேநீரை எடுக்கப் போனார். கை டம்ளருக்கு ஒரு விரற்கடை தள்ளிப் போய், மேஜையைத் தடவி, அப்புறம் டம்ளரைக் கண்டுபிடித்தது. அக்கா அதைப் பார்த்தாள். அக்கா பார்த்ததை மேஸ்திரி பார்த்தாள்.

அதற்கப்புறம் ஒரு மணி நேரம் கதை நடந்தது. எப்படி நடந்தது என்று கேட்டால் மேஸ்திரிக்குச் சொல்லத் தெரியாது. வடக்கே பாறை என்று எந்தப் படிவத்திலும் இல்லை. கோபுரம் எரியாமல் போனதற்குக் காரணமும் இல்லை. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தாளைப் பார்க்காமல், வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டு போனாள். அக்கா தன் முறை வந்தபோது பேசினாள், வராதபோது அத்தானைப் பார்த்தாள். அவர் பகடையை உருட்டிவிட்டுக் குனிந்து மூக்கு தட்டுகிற மாதிரி பார்ப்பதை, பெரிய எழுத்துத் தாளிலும் விரல் வைத்துக்கொண்டு வரி வரியாகப் போவதை, ஒட்டகம் சிரித்தால் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்புவதை, ஒன்றைக்கூட விடவில்லை. எல்லாம் இத்தனை நாளும் அவள் கண் முன்னால் நடந்ததுதான்.

ஒரு தடவை அத்தான் எண் போட்ட பத்துமுகப் பகடையை உருட்டி ஒன்பது என்றார்.

"நாலு," என்றாள் அக்கா மெதுவாக.

"ஒம்போது மாதிரி தெரிஞ்சுது."

"நாலுங்க."

 டீச்சர் நாலு என்று எழுதிக்கொண்டாள்.

கப்பல் பாறைக்கு இந்தப் பக்கமே நங்கூரம் போட்டு நின்றது. இன்றைக்கு இது போதும் என்று மேஸ்திரி முடித்தாள். ஒட்டகம் நிலைப்படியில் குனிந்து, குனிந்தும் இடித்துக்கொண்டு போனான். டீச்சர் கிண்ணத்திலிருந்து சிவப்புப் பகடையை எடுத்து அத்தான் கையில் வைத்துவிட்டுப் போனாள். அக்கா மேஸ்திரியிடம் பேனா ஒன்று கேட்டாள். கொடுத்தாள். மேஸ்திரி டம்ளர்களைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய், குழாயைத் திறந்து, பிறகு சத்தம் கேட்காதபடி மெல்லிசாக மூடினாள்.

அத்தானுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அக்காவுக்கு எல்லாம் தெரியும். அவர் இப்போது வாயைத் திறக்காமல் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை மேஸ்திரியால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நாற்காலி ஒன்று நகர்ந்தது. சாவிக் கொத்து குலுங்கியது. அவள் டம்ளரை இறுக்கிப் பிடித்தாள்.

கிளம்பலாமா என்று அக்கா கேட்கவில்லை. என்ன ஆச்சு என்றும் கேட்கவில்லை. சும்மா இருந்தாள். 

"கொஞ்சம் உக்காரு," என்றார் அத்தான் கடைசியில். "ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"வெள்ளிக்கிழம சொல்லியிருக்கணும்."

"இப்ப சொல்லுங்க."

சொன்னார். டிப்போ சீருடையை என்ன செய்வது என்பதில் ஆரம்பித்து, பின்னால் போய், டாக்டர் காட்டிய படத்தைச் சொல்லி, நடுவில் நின்று, மறுபடி சீருடைக்கே வந்தார். குரல் ஒரே ஒரு இடத்தில் உடைந்தது. மெதுவாக ஓட்டினால் தெரியாது என்று நினைத்தேன் என்று சொன்ன இடத்தில்.  ஏற்கெனவே படித்த சேதியை அக்கா முதல் தடவை கேட்கிற மாதிரிக் கடைசி வரை கேட்டாள்.

"முழுசா போயிடுமாமா?"

"சொல்ல முடியாதாம். ஊசி போட்டா நிக்கலாமாம்."

"அடுத்த தடவ நானும் வர்றேன்." அப்புறம், "சாவியக் குடுங்க."

சாவி கை மாறிய சத்தம் கேட்டது.

அவர் வெளியே போய்ச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அக்கா சமையலறை வாசலில் வந்து நின்றாள். மடித்த தாளை நீட்டினாள். மேஸ்திரி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அக்கா, நான் வேணும்னு, என்று ஆரம்பித்தாள்.

"பேசாத," என்றாள் அக்கா. "உன்மேல மலையளவு கோவம் இருக்கு. அதுக்கு இன்னிக்கு நேரமில்ல. அவருக்கு நான் படிச்சது தெரியக் கூடாது. தெரிஞ்சா, அவரு சொன்னதுக்கே அர்த்தமில்லாம போயிடும். தாள்ல எழுதாம உன்னால அத வச்சுக்க முடியுமா?"

முடியும் என்றாள்.

"பாக்கலாம்," என்றாள் அக்கா.

ஜன்னலிலிருந்து மேஸ்திரி பார்த்தாள். அத்தான் பழக்கத்தில் வலதுபக்கக் கதவுக்குப் போய், நின்று, வண்டியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் ஏறினார். கார் இரண்டு தடவை உதறி நின்றது. கிளட்சை அப்படி மிதிக்காதே என்று அவர் சொல்வதும், தெரியும் என்று அவள் சொல்வதும் மூடிய கண்ணாடி வழியாகவே தெரிந்தது. மூன்றாவது தடவை கிளம்பிவிட்டது.

தாளைப் பிரித்தாள். 'அக்காவுக்குத் தெரியாது' என்ற வரியை அவளுடைய பேனாவாலேயே ஒரே கோடாக அடித்திருந்தது. அதற்குக் கீழே, தட்டச்சு மாதிரியே நேராக, அக்காவின் கையெழுத்து:

'அடுத்த வாரம் அவருக்கு எழுத்தை இன்னும் பெரிதாகப் போடு. மூன்று தாள் ஆனாலும் பரவாயில்லை. புதுத் தாளில் போடு.'

மேஸ்திரி அதை இரண்டு தடவை படித்தாள். அப்புறம் நாலாகக் கிழித்து, எட்டாகக் கிழித்து, பழைய தாள் கட்டையும் அதோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு குப்பைத்தொட்டிக்குப் போனாள்.